குழந்தைக்கு அவசர ஆபரேஷன்: பணம் திரட்டுவது எப்படி

"சீக்கிரம் ஆபரேஷன் செய்யணும்" என்று டாக்டர் சொன்ன அன்றே பல வீடுகளில் குழந்தையின் படத்தோடு ஒரு ஜீபே எண் வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடுகிறது. அதை ஒரு நாள் தள்ளிவையுங்கள். முதல் நாளில் கைக்கு வர வேண்டியது மருத்துவமனையின் எஸ்டிமேட் கடிதம்.

அது லெட்டர்ஹெட்டில், தேதியிட்டு, டாக்டரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண்ணோடு இருக்க வேண்டும். நோயின் பெயர், என்ன ஆபரேஷன், எத்தனை நாளுக்குள், ஐ.சி.யூ. எத்தனை நாள், மருந்து, ரத்தம், வால்வு என்று தனித்தனித் தொகை, மருத்துவமனையின் வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் வேண்டும். "சுமார் 4 லட்சம்" என்று ஒரே வரியில் கொடுத்தால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஐ.சி.யூ.வில் இன்னும் ஒரு வாரம் இருக்க நேர்ந்தால் எவ்வளவு கூடும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பணம் பற்றாமல் போவது அங்கேதான்.

அடுத்து, வெளியில் கேட்க வேண்டிய தொகையைக் குறைக்கப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. கார்டு இல்லாவிட்டால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ரேஷன் கார்டில் குழந்தையின் பெயர் ஏறாமல் இருப்பதால்தான் பலருக்குத் தாமதமாகிறது. பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் போங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993. பெற்றோரில் ஒருவருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இருந்தால் அந்த வழியையும் கேளுங்கள். பிறவி இதயக் கோளாறு என்றால், புட்டபர்த்தியிலும் பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலும் உள்ள ஸ்ரீ சத்ய சாய் மருத்துவமனைகளில் ஆபரேஷனுக்குக் கட்டணமே இல்லை. ஆனால் வரிசை உண்டு. குழந்தை அதுவரை தாங்குமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு ஆபரேஷனுக்கு முன்பே மனு போக வேண்டும். கட்டி முடித்த பில்லுக்கு அங்கே பணம் கிடைக்காது. கிடைப்பதும் செலவில் ஒரு பகுதிதான். அது நேரே மருத்துவமனைக்குப் போகும். எம்.பி. அலுவலகத்தில் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

இத்தனையும் கழித்து மிச்சம் நிற்கும் தொகைக்குத்தான் பொதுமக்களிடம் போக வேண்டும். மிலாப், கெட்டோ போன்ற இணைய நிதி திரட்டும் தளங்களில் மருத்துவமனைக் கணக்குக்கே பணம் போகும்படி கேளுங்கள். தளத்துக்கான கட்டணம், பணப்பரிமாற்றக் கட்டணம் இரண்டையும் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

சொந்தக் கணக்கில் வாங்குவதில் சிக்கல் அதிகம். முழு ஆவணம் கொடுக்காமல் தொடங்கிய 'சிறு கணக்கு' என்றால் ஆண்டுக்கு மொத்தம் 1 லட்சம்தான் வரவு ஏறும்; இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஊரார் பணம் வந்துகொண்டிருக்கும்போதே கணக்கு நின்றுபோகும். முன்கூட்டியே கிளைக்குப் போய் ஆதார், பான் கொடுத்து முழுக் கணக்காக மாற்றுங்கள். எஸ்டிமேட் நகலைக் காட்டி மேனேஜரிடமும் சொல்லிவையுங்கள். உறவினர் அல்லாதவர்கள் தரும் பணம் ஓர் ஆண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் வருமான வரிக் கேள்வியும் வரும்.

செய்தியைச் சுருக்கமாக எழுதுங்கள். இப்படி: "3 வயது மகளுக்கு இதயத்தில் ஓட்டை. ஆபரேஷன் 20ஆம் தேதி. மொத்தம் 4,10,000. காப்பீடு போக இன்னும் தேவை 1,60,000. இன்று வரை வந்தது 45,000. பணம் மருத்துவமனைக் கணக்குக்கே." தேதியும் 'இன்று வரை வந்தது' என்ற வரியும் கட்டாயம் வேண்டும். படத்தை எடுத்து கியூஆர் கோடை மட்டும் மாற்றிப் பரப்பும் திருடர்கள் இருக்கிறார்கள். ஆதார் எண்ணை மறையுங்கள், மருத்துவமனை விசாரணை எண்ணைப் போடுங்கள். குழந்தை அழும் வீடியோ வேண்டாம். நாளை அவள் பள்ளிக்கூடம் போகும்போதும் அது இணையத்தில் கிடக்கும்.

தொகை சேர்ந்ததும் அன்றே "போதும், இனி அனுப்ப வேண்டாம்" என்று அதே குழுக்களில் போடுங்கள். மீதி வந்தால் அது எந்தக் குழந்தைக்குப் போகும் என்பதை முதல் செய்தியிலேயே எழுதியிருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் பில்லையும் குழந்தையின் மருத்துவமனைப் பதிவு எண்ணை மறைத்துப் போட்டுவிடுங்கள்.