போக்கரில் லாபம், கையிருப்பில் நஷ்டம்: ஓட்டை இருந்த இடம்

முழுநேரமாக போக்கர் ஆடுபவர்களுக்கு இது உதவலாம். என் குறிப்பேட்டில் மாதாமாதம் லாபம். கையிருப்போ கரைந்துகொண்டே வந்தது.

முதலில் ஆட்டத்தைத்தான் சந்தேகப்பட்டேன். ஆடிய ஒவ்வொரு சுற்றையும் அலசினேன், பெரிய பிழை இல்லை. ஒரு படி இறங்கிச் சிறிய தொகை மேசைகளில் ஆடினேன், பயனில்லை. ரேக் (காசினோ எடுக்கும் பங்கு), டிப்ஸ், பயணம், தங்குமிடம் எல்லாம் சேர்த்தும் கணக்கு உதைத்தது.

பிறகு காசினோவுக்குள் நுழையும்போது, மேசையில் உட்காரும்போது, எழும்போது, வெளியேறும்போது என ஒவ்வொரு முறையும் கையிலிருந்த தொகையை எழுதினேன். பணம் போனது நுழைவதற்கும் உட்காருவதற்கும் நடுவில்! இடம் காலியாகக் காத்திருக்கும் நேரம், பக்கத்திலேயே ரூலெட். இரண்டு பூஜ்யம் உள்ள சக்கரத்தில் காசினோவின் சாதகம் 5.26 சதவீதம், எந்தத் திறமையும் அதை அசைக்காது. நேற்றைய போக்கர் சில்லுகள் பையில் கிடந்தன, அவை அங்கேயும் செல்லும். சில்லாக இருக்கும்வரை அது பணமாகவே தெரிவதில்லை. உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை 1980, 1981, 1997 ஆண்டுகளில் வென்ற ஸ்டூ அங்கரே சீட்டில் சம்பாதித்ததைக் குதிரைப் பந்தயத்தில் விட்டவர்தான்.

எழுந்ததும் எல்லாச் சில்லையும் பணமாக்கினேன். அன்றைய பை-இன் (மேசையில் உட்காரத் தேவையான தொகை) மட்டும் எடுத்துப் போனேன். பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு வெளியே நடந்தேன். சில சமயம் முறை தவறும், பரவாயில்லை, ரூலெட்டைவிட மலிவு. குறிப்பேடும் கையிருப்பும் இப்போது ஒத்துப்போகின்றன. அப்பாடா!

இணையத்தில் ஆடுவோருக்கு ஸ்லாட் (சூதாட்ட இயந்திர விளையாட்டு) பக்கம் இதே வேலையைச் செய்யும். சில தளங்களில் அந்தப் பகுதியை மட்டும் அடைக்க வசதி உண்டு.