வாசிக்க டேப்லெட் வாங்கும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைகளில் வாசிப்புக்கென்று சின்ன டேப்லெட் பார்ப்பவர்கள், விலைக்கு முன் திரைத் தெளிவைக் கேளுங்கள். 8 அங்குலத் திரையில் 1280×800 புள்ளி (பிக்சல்) என்றால் அங்குலத்துக்கு 189 புள்ளிதான். சிறிய எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளியும் கொம்புச் சுழியும் மங்கிவிடும். 1920×1200 என்றால் 283 புள்ளி. கண்ணுக்கு இதமாக இருக்கும். எடை 350 கிராமைத் தாண்ட வேண்டாம்.

பெரிய தொல்லை கோப்பில்தான். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், இந்தத் திரைக்கு 11கூட வராது. பிடிஎஃப் நூலைத் திறந்தால் எழுத்து பாதியாகச் சுருங்கும். பெரிதாக்கினாலோ வரிக்கு வரி பக்கத்தை நகர்த்த வேண்டும். ஒரு நாவலை அப்படி வாசித்து முடிக்கவே முடியாது. ஆகவே இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவம் கிடைத்தால் அதையே எடுங்கள், எழுத்தைக் கூட்டினாலும் வரி தானே மடியும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இலவசமாகவே இபப் நூல்கள் உண்டு.

ஸ்கேன் செய்த பழைய நூல் என்றால் டேப்லெட்டைப் படுக்கை வாக்கில் திருப்புங்கள், அகலம் 17 சென்டிமீட்டராகும். ரீட்எரா போன்ற செயலியில் பக்க ஓரத்தையும் வெட்டிவிட்டால் எழுத்து ஏறக்குறைய அச்சிட்ட அளவிலேயே தெரியும்.

தோட்டத்துக்குள் இணையம் தடுமாறும். பட்டணத்தில் இருக்கும்போதே நூல்களை இறக்கிவிட்டு, வாசிக்கையில் விமானப் பயன்முறையில் வையுங்கள். மின்கலம் கூடுதல் நேரம் தாங்கும். தகரக் கூரை கொதிக்கும் மதியத்தில் மட்டும் சார்ஜ் போடாதீர்கள். சூட்டில் மின்கலம் உப்பிப் போய்த் திரையைத் தூக்கிவிடக்கூடும்.