டெட்ராய்ட் செய்தியை எடைபோடுவது எப்படி

அமெரிக்காவின் கார் தொழில் நகரமான டெட்ராய்ட்டின் சரிவைப் பற்றி ஒரு செய்தி கண்ணில் பட்டால், முதலில் படத்தின் தேதியைப் பாருங்கள். அமெரிக்கத் தேசிய ஊடகங்கள் டெட்ராய்ட் என்றாலே மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் படத்தைப் போட்டுவிடும். 1988-ல் மூடி, ஜன்னல்களில் கண்ணாடிகூட இல்லாமல் நின்ற கட்டடம் அது. 2018-ல் ஃபோர்டு வாங்கிச் சீரமைத்து, 2024 ஜூனில் திறந்தாயிற்று. இன்றைய செய்திக்குப் பழைய படத்தை ஒட்டியிருந்தால் மீதியையும் சந்தேகத்தோடு படியுங்கள். படத்தில் ஓர் ஆள்கூட இல்லையா? அந்த ஊரில் ஆறு லட்சம் பேருக்கு மேல் குடியிருக்கிறார்கள்!

அடுத்து எண்கள். மக்கள்தொகை 1950-ல் சுமார் 18.5 லட்சம், 2020-ல் 6.39 லட்சம்: சரிதான். ஆனால் இது மாநகர எல்லைக்குள் மட்டும். புறநகரையும் சேர்த்தால் 2020-ல் கிட்டத்தட்ட 44 லட்சம். எந்த எல்லைக் கணக்கு என்று சொல்லாத எண்ணை அப்படியே எடுத்தாள வேண்டாம்.

சரிவின் கதை அந்நகரில் 1967-ல் நடந்த இனக்கலவரத்தில் தொடங்கினால் உஷார். 1960 கணக்கெடுப்பிலேயே மக்கள்தொகை 16.7 லட்சமாக இறங்கிவிட்டது. ஆலைகள் அதற்கு முன்பே புறநகருக்கு நகரத் தொடங்கியிருந்தன. 2013-ல் மாநகராட்சி திவாலானதற்கு ஊழியர் ஓய்வூதியத்தை மட்டும் கைகாட்டினால், 2005-06-ல் அதே ஓய்வூதிய நிதிக்காக வாங்கிய சுமார் 140 கோடி டாலர் கடனும் அதன் வட்டி விகிதத்தை வைத்து வங்கிகளோடு போட்ட ஒப்பந்தங்களும் செய்தியில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது.