நடு ஆட்டத்தில் ரீசெட் ஆகும் வீடியோ கேம் மெஷின்: சர்வீஸ் செய்யும் முறை

காவேரிப்பட்டணத்தில் எங்கள் கடையில் நான்கு வீடியோ கேம் மெஷின்கள் இருக்கின்றன. நின்றுகொண்டு ஆடும் மரக் கேபினெட், உள்ளே பழைய பிக்சர் டியூப், முன்னால் ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும், கீழே டோக்கன் போடும் இரும்புக் கதவு. பள்ளி விடுமுறையும் மாங்காய் சீசனும் சேர்ந்து வரும் மே மாதத்தில்தான் கூட்டம். போன மே மாதம் அதில் ஒரு மெஷின் ஆட்டத்தின் நடுவில் தானாக ரீசெட் ஆக ஆரம்பித்தது. பையன் கடைசிக் கட்டத்துக்கு வந்திருப்பான். திரை கறுத்து, ஏதோ எழுத்துகள் ஓடி, ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், அவன் அரை மணி நேரம் ஆடியதை எப்படிக் கொடுப்பது?

மூன்று வாரம், ஒரு புது எஸ்.எம்.பி.எஸ் (230 வோல்ட்டைப் போர்டுக்கு வேண்டிய 5, 12 வோல்ட்டாக மாற்றும் பவர் சப்ளைப் பெட்டி), பெங்களூருக்கு இரண்டு நடை. அதற்குப் பிறகுதான் காரணம் பிடிபட்டது. மல்டிமீட்டரில் டிசி வோல்ட் பார்க்கவும் சால்டரிங் செய்யவும் ஓரளவு தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். அது தெரியாவிட்டால் முதலில் ஒரு பழைய ரேடியோவில் பழகிவிட்டு வாருங்கள்.

திறப்பதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். பல கடைகளில் வயரிங் செய்தவர் பேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்திருப்பார். அப்படியிருந்தால் சுவிட்ச் நியூட்ரலைத்தான் துண்டிக்கும். மெஷினுக்குள் பேஸ் அப்படியே நிற்கும். பிடுங்கிய பிளக்கை உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் உதவிக்கு வந்தவர் யாராவது சொருகிவிடுவார். மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றி வெளியே.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இரண்டு இடங்களில் மின்சாரம் தங்கியிருக்கும். ஒன்று, எஸ்.எம்.பி.எஸ்-ஸிலும் மானிட்டர் போர்டிலும் உள்ள பெரிய கெப்பாசிட்டர். 230 வோல்ட் ஏசி டிசியாக மாறும்போது அதில் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். இதை ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள்; பொறி தெறித்து போர்டின் செம்புக் கோடும் (டிராக்) போகும், கண்ணுக்கும் ஆபத்து. ஹோல்டரில் மாட்டிய ஒரு 60 வாட் குண்டு பல்பின் இரண்டு வயரையும் கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் சில நொடி வைத்தால் போதும். மீட்டரில் பார்த்து, சுழிக்குப் பக்கத்தில் வந்த பிறகு கை வையுங்கள்.

இன்னொன்று பிக்சர் டியூப். டிவி மெக்கானிக்குகள் எல்.ஓ.டி என்று சொல்லும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தடித்த சிவப்பு வயர் ஒன்று டியூபின் முதுகில் ரப்பர் மூடிக்கு அடியில் போகும். அங்கே 20,000 வோல்ட்டுக்கு மேல். மெஷின் அணைந்து நாள்கணக்கில் கிடந்தாலும் டியூபில் அது மிச்சமிருக்கலாம். என் மாமா இருபது வருடம் டிவி மெக்கானிக்காக இருந்தவர். எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: "மாப்ள, டியூப் பின்னால ஒரு கை போனா இன்னொரு கை பேன்ட் பின் பாக்கெட்டுல இருக்கணும்." இரண்டு கையும் உள்ளே இருந்தால் ஷாக் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும். அதனால்தான்.

காலி செய்யும் முறை இது. நீளமான, கைப்பிடி முழுக்க பிளாஸ்டிக்கான தட்டை ஸ்க்ரூ டிரைவர் ஒன்று. அதன் இரும்புத் தண்டில் ஒரு முதலைக் கிளிப் வயர். வயரின் மறுமுனை டியூபின் கறுத்த முதுகைச் சுற்றி ஓடும் பின்னல் கம்பியில். மானிட்டர் போர்டின் கிரவுண்டில் மாட்டாதீர்கள், சில ஐ.சி. சில்லுகள் போய்விடும். இப்போது ஒரே கையால் ஸ்க்ரூ டிரைவரை ரப்பர் மூடிக்கு அடியில் மெதுவாக நுழைத்து உள்ளே இருக்கும் உலோகக் கொக்கியைத் தொட வேண்டும். 'டப்' என்று ஒரு சத்தம் வரும். சில சமயம் சத்தமே வராது, பரவாயில்லை. ஐந்து நிமிடம் விட்டு மறுபடியும் ஒருமுறை செய்யுங்கள். கண்ணாடியில் ஊறியிருக்கும் மின்னூட்டம் கொஞ்சம் திரும்பி ஏறும். டியூபின் கழுத்துப் பகுதி மெல்லிய கண்ணாடி. அதில் இடிக்காதீர்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

டியூபைத் தொட வேண்டிய வேலை இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கீழே சொல்லும் வேலைகளில் தொண்ணூறு சதவீதத்துக்கு அது தேவையில்லை. எல்.சி.டி மாற்றியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பழைய கேம் போர்டுகள் 15 கிலோஹெர்ட்ஸில் படம் அனுப்பும். கம்ப்யூட்டர் மானிட்டர் பொதுவாக 31 கிலோஹெர்ட்ஸிலிருந்துதான் எடுக்கும். நடுவில் ஒரு கன்வெர்ட்டர் போர்டு வேண்டும்.

எர்த்

இதை விட்டுவிட்டு வேறு எதையும் செய்யாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ்-ஸின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் சிறிய கெப்பாசிட்டர்கள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் அதன் இரும்புப் பெட்டிக்குப் போகும். எர்த் இல்லையென்றால் அந்தப் பெட்டி பாதி வோல்ட்டேஜில், அதாவது சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கரன்ட் மிகக் குறைவு, 'சுருக்'கென்று மட்டும் இருக்கும். அதனால்தான் பலரும் அலட்சியமாக விடுகிறார்கள். ஆனால் மழையில் நனைந்து வந்த பையன் ஈரக் கையால் இரண்டு மெஷினின் டோக்கன் கதவையும் ஒரே நேரத்தில் தொடுவான். அதில் ஒன்றில் உள்ளே ஒரு வயர் உரசிக்கொண்டிருந்தால் விஷயம் 'சுருக்'கோடு நிற்காது.

பிளக்கின் பெரிய எர்த் பின்னுக்கும் டோக்கன் கதவின் ஸ்க்ரூவுக்கும் இடையில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். கன்ட்ரோல் பேனல் தகரமாக இருந்தால் அங்கேயும். பெயின்ட் அடித்த ஸ்க்ரூ பொய் சொல்லும், சுரண்டிவிட்டு வையுங்கள். இரண்டு பின் பிளக் போட்டு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே மாற்றுங்கள். கடையின் மெயினில், கரன்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி ஒன்று போட்டுவிடுங்கள். நான்கு மெஷினுக்கும் சேர்த்து நான் செலவழித்ததில் மிக நல்ல செலவு அதுதான்.

தூசி

எங்கள் பக்கத்தில் கிரானைட் பட்டறைகள் இருக்கின்றன. அந்த வெள்ளைத் தூள் மற்ற ஊர்த் தூசி மாதிரி இல்லை. மார்கழிப் பனியில் ஈரம் பட்டால் போர்டின் மேல் கெட்டியாகப் படிந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெயின்ட் பிரஷால் தட்டி, புளோயரைத் தள்ளிப் பிடித்து ஊதுங்கள். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். எலிப் புழுக்கை இருந்தால் வயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள்.

5 வோல்ட்: நான் மாட்டிக்கொண்ட இடம்

ரீசெட் என்றதும் முதலில் எஸ்.எம்.பி.எஸ் மேல்தான் சந்தேகம் வரும், சரியான சந்தேகம்தான். நான் கேம் போர்டைக் கழற்றி வைத்துவிட்டு எஸ்.எம்.பி.எஸ்-ஸின் முனையில் அளந்தேன். 5.05 வோல்ட். நன்றாகத்தானே இருக்கிறது என்று போர்டை எடுத்துக்கொண்டு பெங்களூர் போனேன். அங்கே ஒரு கடையில் போர்டை ஒரு மணி நேரம் ஓடவிட்டார்கள், ஒரு பழுதும் இல்லை. திரும்பி வந்து மாட்டினால் மறுபடி ரீசெட். புது எஸ்.எம்.பி.எஸ் போட்டேன். இரண்டு நாள் ஓடியது, மறுபடியும் அதே கதை.

மாமா வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வோல்ட்டேஜ் எங்க வச்சுப் பார்த்த?"

சுமை இல்லாமல் அளந்தது முதல் தவறு. போர்டில் அளக்காமல் எஸ்.எம்.பி.எஸ்-ஸில் அளந்தது இரண்டாவது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, போர்டின் மேலேயே அளக்க வேண்டும். 14 கால் உள்ள 74 வகை ஐ.சி. ஏதாவது ஒன்றைத் தேடுங்கள். பெரும்பாலும் 7-ஆவது கால் கிரவுண்டு, 14-ஆவது கால் 5 வோல்ட். மீட்டர் முனைகளில் இன்சுலேஷன் டேப் சுற்றி நுனியில் 2 மில்லிமீட்டர் மட்டும் விடுங்கள், இல்லாவிட்டால் கை வழுக்கி இரண்டு கால் ஷார்ட் ஆகும். கையை எஸ்.எம்.பி.எஸ்-ஸின் 230 வோல்ட் முனைகள், மானிட்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

என் போர்டில் 4.62 காட்டியது. அந்த ஐ.சி.களுக்கு 4.75-லிருந்து 5.25 வரை வேண்டும். வழியில் 0.43 வோல்ட் எங்கே போனது? அதையும் மீட்டரே சொல்லும். சிவப்பு முனையை எஸ்.எம்.பி.எஸ்-ஸின் 5 வோல்ட் முனையிலும், கறுப்பு முனையைப் போர்டின் 5 வோல்ட்டிலும் வையுங்கள். இரண்டும் ஒரே கோடுதான் என்பதால் சுழி வர வேண்டும், 0.1 வரை போகலாம். எனக்கு 0.38. கிரவுண்டுக் கோட்டில் 0.05. ஆக, கோளாறு 5 வோல்ட் கோட்டில்.

போர்டின் விளிம்பில் சொருகும் ஜம்மா கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன். இது 1980களின் நடுவில் ஜப்பானில் வந்த பொது அமைப்பு: பக்கத்துக்கு 28, மொத்தம் 56 பின். 3, 4-ஆம் எண்களிலும் அவற்றுக்கு எதிர்ப்பக்கத்திலும் என்று 5 வோல்ட்டுக்கு நான்கு பின். அந்த நான்கில் இரண்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கருப்பட்டி நிறத்துக்கு மாறியிருந்தது. பின் வளையும் தன்மையை இழந்து தொளதொளவென்று இருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் தீய்ந்த வாசனை. கணக்குப் போட்டால் புரியும். போர்டு 4 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். சொருகுமிடத்தில் வெறும் 0.1 ஓம் தடை வந்தாலே 0.4 வோல்ட் போய்விடும், 1.6 வாட் சூடு அந்தச் சிறு பின்னில் இறங்கும். சூட்டில் பின் இன்னும் தளரும், தடை இன்னும் ஏறும்.

இந்த இடத்தில் பலரும் செய்வது, எஸ்.எம்.பி.எஸ்-ஸில் இருக்கும் திருகைத் திருகி வோல்ட்டேஜை ஏற்றுவது. செய்யாதீர்கள். அது சூட்டைத்தான் கூட்டும். பிறகு ஒருநாள் யாராவது கனெக்டரைச் சுத்தம் செய்தால், ஏற்றி வைத்த 5.5 வோல்ட் முழுதும் போர்டில் பாயும்.

சரி, மாற்றும் வேலை. முதலில் போனில் நான்கு பக்கமும் போட்டோ. ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். போர்டின் தங்க முலாம் பட்டைகளை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், முலாம் உரிந்துவிடும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயும் வேண்டாம். தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். புது கனெக்டர் வாங்கும்போது பின் இடைவெளி 3.96 மில்லிமீட்டரா என்று கேளுங்கள். நான் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கினேன், சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும். 5 வோல்ட்டின் நான்கு பின்னுக்கும், கிரவுண்டுக்கும் 1 சதுர மில்லிமீட்டர் வயர் தனித்தனியாக இழுங்கள். 25 வாட் சோல்ட்ரான் அயர்ன் போதும். 7-ஆம் இடத்தில் ஒரு சிறிய தடுப்புக் கட்டை வரும், அதைக் கட்டாயம் போடுங்கள். அது இல்லாமல் கனெக்டரைத் தலைகீழாகச் சொருகினால் 12 வோல்ட் பட்டன் கோட்டுக்குப் போய் போர்டு செத்துவிடும்.

முடித்த பிறகு நேராக மெயினில் போடாதீர்கள். 100 வாட் குண்டு பல்பு சீரிஸில் இருக்கும் சீரிஸ் போர்டு வழியாக முதலில் ஆன் செய்யுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள். அப்புறம் நேரடி மின்சாரத்தில் போட்டு, போர்டில் 5.0-க்கும் 5.1-க்கும் நடுவில் வரும்படி திருகை வையுங்கள். என் மெஷினில் அன்றைக்கு வந்தது 5.02. அதற்குப் பிறகு ஒரு ரீசெட் இல்லை.

பட்டன், டோக்கன், ஃபியூஸ்

பட்டனுக்கு அடியில் மைக்ரோ சுவிட்ச். மூன்று கால்களில் பொதுக் காலும், அழுத்தும்போது சேரும் காலும்தான் வேண்டும். 'டிக்' சத்தம் மந்தமாக இருந்தால் மாற்றுங்கள், சுத்தம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரே பக்கத்தில் வரிசையாகப் பல பட்டன் வேலை செய்யவில்லை என்றால் சுவிட்சைத் தொடாதீர்கள். பட்டன் பட்டனாகத் தொடர்ந்து போகும் கிரவுண்டு வயரில் ஒரு கிளிப் கழன்றிருக்கும், அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் செத்திருக்கும்.

டோக்கன் வழியை உலர்ந்த துணியால் துடையுங்கள், எண்ணெய் கூடாது. ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில் கண்ணாடி ஃபியூஸ் போடுங்கள். செம்புக் கம்பி சுற்றிய ஒரு மெஷினை நான் பார்த்தேன், டிரான்ஸ்ஃபார்மர் கருகி மரம் வரைக்கும் புகைந்திருந்தது. இரவில் கடைக்கு மேலே ஒரு குடும்பம் தூங்கிக்கொண்டிருந்தது.

பிறகு சேர்த்தது

பாலக்கோட்டிலிருந்து ஒருவர் கேட்டார்: கனெக்டர் நன்றாக இருக்கிறது, சாயங்காலம் ஏழு மணிக்கு மட்டும் ரீசெட் ஆகிறது. சுவர் பிளக்கில் அளக்கச் சொன்னேன், 160 வோல்ட். மெஷினில் கோளாறு இல்லை. கடைக்கு ஒரு ஸ்டெபிலைசர் போட்டதும் சரியாகிவிட்டது.

இன்னொருவர் போர்டில் பச்சையாகப் பூத்திருக்கிறது என்று போட்டோ அனுப்பினார். சில போர்டுகளில் உருளை வடிவ 3.6 வோல்ட் பேட்டரி இருக்கும். அது கசிந்தால் உள்ளிருக்கும் காரம் செம்பு டிராக்கை அரித்துவிடும். பேட்டரியை வெட்டி எடுத்து, அந்த இடத்தைக் கொஞ்சம் வினிகரால் தேய்த்து, ஆல்கஹாலால் கழுவி, நன்றாகக் காயவைத்து, பிறகு டிராக்குகளை மீட்டரில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அவருடையதில் மூன்று டிராக் அறுந்திருந்தது. மெல்லிய வயரால் இணைத்து, போன ஞாயிற்றுக்கிழமை ஓடவிட்டிருக்கிறார். உங்கள் போர்டில் அப்படி ஒரு பேட்டரி இருந்தால், இன்னும் கசியவில்லை என்றாலும் இப்போதே எடுத்து, புதியதைப் போர்டுக்கு வெளியே வயர் இழுத்து வையுங்கள்.