டிராக் ரேஸிங்: ஓட்டுநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிராக் ரேஸிங் என்பது நேரான குறுகிய தடத்தில், நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் புறப்பட்டு ஓடும் கார் பந்தயம். 2008 ஜூன் 21 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், இங்கிலிஷ்டவுன் தடத்தில் தகுதிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் ஸ்காட் கலிட்டாவின் ஃபன்னி கார் (சாதாரண கார் போன்ற உடலைப் போர்த்திய அதிவேகப் பந்தய கார்) ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் எஞ்சின் வெடித்துத் தீப்பிடித்தது. பாராசூட்டுகள் கைகொடுக்கவில்லை. மணல்படுகையும் காரை நிறுத்தவில்லை. அதைத் தாண்டிப் போய் மோதியதில் அவர் இறந்தார். சில வாரங்களுக்குள் அந்நாட்டின் டிராக் ரேஸிங் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ., அதிவேகப் பிரிவுகளான டாப் ஃபியூயல், ஃபன்னி கார் ஆகியவற்றின் ஓட்டத்தைக் கால் மைலிலிருந்து, அதாவது 1,320 அடியிலிருந்து, 1,000 அடியாகக் குறைத்தது. மிச்சமான 320 அடியும் காரை நிறுத்துவதற்கான இடமாகச் சேர்ந்தது. எஞ்சின் வெடித்தால் எரிபொருளைத் தானாகவே நிறுத்தி, பாராசூட்டையும் தானாகவே விரிக்கும் கருவிகள் அதன் பிறகு வந்தன.

பெரிய அணிகளுக்குப் பொருந்துவது வார இறுதியில் சொந்த காரைக் கொண்டுபோய் ஓட்டுபவருக்கும் பொருந்தும். டர்போவுக்கும் டியூனிங்குக்கும் லட்சக்கணக்கில் கொட்டியிருப்பார். பிரேக் எண்ணெய் மாற்றி எத்தனை வருடம் என்று கேட்டால் பதில் வராது.

கீழே வரும் அளவுகள் என்.எச்.ஆர்.ஏ.வின் கால் மைல் விதிகளை ஒட்டியவை. விதிகள் அவ்வப்போது மாறும், புதிய மாடல் கார்களுக்குச் சில தளர்வுகளும் உண்டு. இந்தியாவில் மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அமைப்பின் அங்கீகாரத்தோடு நடக்கும் போட்டி என்றால் அந்தப் போட்டியின் விதிப்புத்தகம்தான் கணக்கு.

நிறுத்துவதில் செய்யும் தவறுகள்

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 100 கி.மீ.யில் கச்சிதமாக நிற்கும் கார், 240 கி.மீ.யில் கிட்டத்தட்ட ஆறு மடங்கு ஆற்றலைத் தகடுகளில் வெப்பமாக இறக்குகிறது. எடையைக் குறைக்கிறேன் என்று முன்சக்கரங்களில் மெல்லிய டிஸ்க்கும் ஒல்லி டயரும் போட்டவருக்கு நிலைமை இன்னும் மோசம். அந்த டயர் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும், பூட்டிக்கொண்ட டயரால் திசை திருப்ப முடியாது. இதற்கு மேல் பிரேக் எண்ணெய் இருக்கிறது. டாட் என்பது பிரேக் எண்ணெயின் தர வகை. புதிய டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4-இல் இது 230-உம் 155-உம். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் தரைவரை போகும். ஒவ்வொரு சீசன் தொடங்கும்போதும் மாற்றிவிடுங்கள். இந்தப் பட்டியலிலேயே மலிவான வேலை அதுதான்.

மணிக்கு 150 மைல், அதாவது சுமார் 240 கி.மீ., தொட்டால் பாராசூட் கட்டாயம். 200 மைலுக்கு இரண்டு. வாங்கி மாட்டுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. இழுவைக் கயிற்றை எந்த உயரத்தில் பிணைக்கிறீர்கள் என்பது முக்கியம். காரின் ஈர்ப்பு மையத்தைவிட ரொம்ப மேலே பிணைத்தால், விரியும்போது மூக்கு தூக்கும், ஸ்டீயரிங் பயனற்றுப்போகும். ரொம்பக் கீழே பிணைத்தால் பின்சக்கரங்கள் பிடி இழந்து பின்பக்கம் சுழலப் பார்க்கும். இழுவை ஈர்ப்பு மையத்தின் மட்டத்தை ஒட்டிப் போக வேண்டும், பிணைப்பு சேஸிஸின் இரும்பில் இருக்க வேண்டும். பம்பரிலோ டிக்கித் தகட்டிலோ அல்ல. டர்போ, சூப்பர்சார்ஜர், நைட்ரஸ் (எஞ்சின் சக்தியைக் கூட்டும் வாயு) உள்ள கார்களில் பாராசூட் பையும் கயிறுகளும் தீ தாங்கும் உறைக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் வெடித்துத் தீப்பிடிக்கும் அந்த நொடியில்தான் பாராசூட் தேவைப்படும், அப்போது கயிறே எரிந்துபோனால் நெம்புகோலை இழுத்துப் பயனில்லை. மழையில் நனைந்ததை அப்படியே மடித்து வைப்பது, மாதக்கணக்கில் பிரிக்காமல் விடுவது, துருப்பிடித்த கேபிளை இழுத்துப் பார்க்காமல் தடத்துக்குப் போவது, எல்லாமே ஒரே முடிவில் கொண்டுபோய்விடும்.

விரிக்கும் நேரத்திலும் தவறு நடக்கிறது. பிரேக் போதுமா என்று பார்த்துவிட்டுப் பிறகு இழுக்கலாம் என்று காத்திருக்கிறார்கள். கார் நேராக ஓடும்போதே, முடிவுக்கோட்டை ஒட்டியே இழுக்க வேண்டும். பிரேக் அதற்குப் பிறகு.

காலை எடுக்க மறுப்பது

பாதி தூரத்தில் பின்டயர்கள் வழுக்கி, கார் டயர் பிடிப்பதற்காக ஒட்டுப்பசை படிந்த நடுப்பகுதியை விட்டு விலகுகிறது. ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை விடாமல் ஸ்டீயரிங்கால் திருத்தப் பார்க்கிறார். அல்லது கார் கோணலாக நிற்கும்போது சட்டென்று காலை எடுத்துவிடுகிறார். அந்தக் கணத்தில் டயருக்குப் பிடி திரும்பக் கிடைத்தால், கார் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அந்தப் பக்கமே பாயும். சுவர் பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது. விலக ஆரம்பித்ததுமே காலைப் படிப்படியாக எடுத்துவிட்டால் இது நேராது. ஒரு ஓட்டம் வீணாகும், அவ்வளவுதான்.

வரிப்பள்ளம் இல்லாத பந்தய டயரான ஸ்லிக் டயரில் காற்றை அளவுக்கு மீறி இறக்குவதும் இதே இடத்தில்தான் பழிவாங்கும். புறப்படும்போது பிடி நன்றாக இருக்கும், கடைசி 200 அடியில் பக்கச்சுவர் மடிந்து மடிந்து கார் அலைபாயும். பின்னால் பயாஸ் ஸ்லிக், முன்னால் ரேடியல் என்று கட்டமைப்பு வேறான டயர்களைக் கலந்து போடுவதும் அதிவேகத்தில் காரை நிலைகுலைக்கும். டயர்காரர் சொன்ன அழுத்தத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு முறையும் அரை பி.எஸ்.ஐ. மட்டும் மாற்றிப் பாருங்கள்.

உடைந்தால் எங்கே போகும்?

1970 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் லயன்ஸ் தடத்தில் ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் டிராக்ஸ்டரில் (நீண்டு ஒல்லியான பந்தய கார்) டிரான்ஸ்மிஷன் வெடித்து அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போனது. அப்போதெல்லாம் ஓட்டுநர் எஞ்சினுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார், சுழலும் இரும்பெல்லாம் அவர் கால்களுக்கு நடுவே. கார்லிட்ஸ் எஞ்சினைப் பின்னால் தள்ளிய கார் ஒன்றைக் கட்டி 1971-இல் வெல்லத் தொடங்கினார். அதன் பிறகு டாப் ஃபியூயல் வகுப்பே அந்தப் பக்கம் திரும்பியது.

முன்பக்க எஞ்சினும் கியர்பாக்ஸும் உள்ள நம் கார்களில் கால்கள் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. கார் கம்பெனி போட்ட வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை (எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரம்) 8,000 ஆர்.பி.எம்.மில் சுற்றவிடுவது மிகப் பொதுவான தவறு. அது சிதறினால் அதை மூடியிருக்கும் உறையான பெல் ஹவுஸிங்கின் அலுமினியத்தைக் கிழித்துக்கொண்டு கால்பலகை வழியே வரும். கால் மைலை 11.49 வினாடிக்குள் ஓடும் காருக்கு, பந்தயப் பாதுகாப்புச் சாதனங்களுக்குத் தரம் வகுக்கும் எஸ்.எஃப்.ஐ. அமைப்பின் 1.1 சான்று பெற்ற ஃப்ளைவீலும் கிளட்சும், மேலே எஸ்.எஃப்.ஐ. 6.1 கவசமும் கேட்பது இதற்காகத்தான்.

கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கத்துக்குச் சக்தி கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் முன் மூட்டு உடைந்தால் முனை கீழே விழுந்து தரையில் குத்தும், கார் அதன்மேல் ஏறிக் கவிழலாம். அந்த மூட்டிலிருந்து 6 அங்குலத்துக்குள், 2 அங்குல அகலமும் கால் அங்குலத் தடிப்பும் உள்ள இரும்பு வளையம் போட்டால் முனை விழாது. ஸ்லிக் டயரோடு 13.99 வினாடிக்குள் ஓடும் காருக்கே இது கட்டாயம். சக்கர போல்ட்டில் நட்டுக்குள் ஏறும் மரை, போல்ட்டின் விட்டத்துக்குக் குறையக் கூடாது, 12 மி.மீ. போல்ட் என்றால் 12 மி.மீ. மரை. ஸ்பேசர் போட்டவர்கள் மறக்கும் இடம் இது.

உடலைப் பிடித்து வைப்பது

ஓட்டுநரைச் சுற்றியுள்ள இரும்புக் கூண்டு காப்பாற்றும், ஆனால் தலை அதில் மோதினால் அதே கூண்டு கொல்லும். 2007 மார்ச்சில் கெய்ன்ஸ்வில்லில் சோதனை ஓட்டத்தின்போது ஃபன்னி கார் ஓட்டுநர் எரிக் மெட்லனின் காரில் டயர் வெறித்தனமாக அதிர்ந்தது. சுவரில் மோதியதைவிட அந்த அதிர்வில் தலை பட்ட அடிதான் மரணத்துக்குக் காரணமானது. நான்கு நாள் கழித்து இறந்தார். அதன் பிறகு கூண்டு அகலமானது, தலையைச் சுற்றிய பஞ்சு தடித்தது. உங்கள் காரில் ஹெல்மெட் தொடக்கூடிய எல்லாக் கம்பியிலும் எஸ்.எஃப்.ஐ. 45.1 பேடிங் வேண்டும். ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் நுரை அதற்கு மாற்றல்ல. கூண்டு வைத்த காரை ஹெல்மெட் இல்லாமல் சாலையில் ஓட்டுவது கூண்டே இல்லாமல் ஓட்டுவதைவிட ஆபத்து.

ரோல் பாருக்கு (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைகம்பி) சைலன்சர் கடையில் கிடைக்கும் குழாயை வளைத்துத் தருவார்கள். வாங்காதீர்கள். ஒன்றேமுக்கால் அங்குல விட்டம், மைல்ட் ஸ்டீல் என்றால் 0.118 அங்குலச் சுவர், குரோம்மோலி எஃகு என்றால் 0.083. தலைக்குப் பின்னால் 6 அங்குலத்துக்குள்ளும், ஹெல்மெட்டுக்கு 3 அங்குலமாவது மேலேயும் இருக்க வேண்டும்.

பெல்ட்டின் தோள்பட்டை வார்கள் தோள் மட்டத்திலோ சற்றே கீழேயோ பின்னால் போக வேண்டும். பின்சீட் தரையில் கொண்டுபோய் மாட்டினால் மோதலின்போது அது தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். இடுப்பு வார் வயிற்றில் ஏறக்கூடாது, இடுப்பெலும்பில் படிய வேண்டும். எஸ்.எஃப்.ஐ. 16.1 பெல்ட்டுக்குத் தயாரிப்பு தேதியிலிருந்து இரண்டே வருடம்தான் ஆயுள். வெயில் நூலை அரிக்கும், அது கண்ணுக்குத் தெரியாது.

காருக்கு மோட்டார்சைக்கிள் ஹெல்மெட் போதும் என்று நினைக்கிறார்கள், நம் ஊர் ஐ.எஸ்.ஐ. முத்திரை உட்பட. ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பின் எஸ்.ஏ. (கார் பந்தய) வகையில் உள்துணி தீயைத் தாங்குகிறதா என்றும், கம்பியில் திரும்பத் திரும்ப மோதினால் என்ன ஆகும் என்றும் சோதிக்கிறார்கள். மோட்டார்சைக்கிளுக்கான எம். வகையில் அந்தச் சோதனைகள் கிடையாது.

தீ

எஸ்.எஃப்.ஐ. 3.2ஏ/1 ஜாக்கெட் இரண்டாம் நிலைத் தீக்காயம் வரும்வரை ஏறத்தாழ 3 வினாடி கொடுக்கும். /5 சுமார் 10 வினாடி. /20 சுமார் 40. உள்ளே பாலியெஸ்டர் டி-ஷர்ட் போட்டிருந்தால் அது உருகித் தோலில் ஒட்டும். பருத்தி பரவாயில்லை, தீ தாங்கும் உள்ளாடை இன்னும் நல்லது. எண்ணெய் ஊறிய உடை எரியும், துணி மென்மையாக்கி போட்டுத் துவைத்ததும் அப்படித்தான்.

எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில் ஒயர் போன ஓட்டைகளை அடைக்காமல் விட்டால் நெருப்பு நேரே முகத்துக்கு வரும். பேட்டரியைப் பின்னால் மாற்றியவர்கள் வெளியில் கட்-ஆஃப் சுவிட்ச் வைக்கிறார்கள், ஆனால் அதை எஞ்சின் ஓடும்போது அணைத்துப் பார்ப்பதில்லை. ஆல்டர்நேட்டர் தனியாக மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தால் எஞ்சினும் எரிபொருள் பம்ப்பும் நிற்காது, மீட்பவர் சுவிட்சைத் தட்டியும் பயனிருக்காது. எஞ்சினை ஓடவிட்டு அணைத்துப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் ஆல்டர்நேட்டர் ஒயரின் வழியை மாற்ற வேண்டும்.

என்.எச்.ஆர்.ஏ. உரிமத்துக்குக் கண்ணைக் கட்டிவிட்டு ஒரு பரீட்சை உண்டு. பாராசூட் நெம்புகோல், எரிபொருள் அடைப்பு, இக்னிஷன், தீயணைப்பு விசை, பெல்ட் பூட்டு எல்லாவற்றையும் தடவியே தொட்டுக் காட்ட வேண்டும். புகை நிரம்பிய கேபினில் கண் உதவாது. உரிமம் வாங்கியதும் இதை மறந்துவிடுகிறார்கள். சீட்டை இரண்டு அங்குலம் நகர்த்தினாலோ, பெல்ட்டை மாற்றினாலோ, கையுறை புதிதாக வாங்கினாலோ, ஹெல்மெட்டும் கழுத்தைக் காக்கும் கருவியும் மாட்டிக்கொண்டு மறுபடி ஒருமுறை செய்து பாருங்கள். தடித்த கையுறையில் பூட்டு விடுபடவில்லை என்றால், அது வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும்.