செம்மண் சாலையில் ஓடும் காரை வீட்டிலேயே கவனித்துக்கொள்வது எப்படி?

சர்வீஸ் முடிந்து பட்டறையிலிருந்து வரும் காரின் முன்கண்ணாடி மூலையில் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கும்; அடுத்த முறை எத்தனையாவது கிலோமீட்டரில் வர வேண்டும் என்பதைப் போமன் (பட்டறை மெக்கானிக்) அதில் பேனாவால் எழுதியிருப்பார். பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும், மலேசியாவின் சிலாங்கூரிலுள்ள பெஸ்தாரி ஜெயாவைப் போன்ற தோட்டப்புறச் சிறுநகரங்களில் வாழும் நம்மில் பலர், அந்த எண் வரும்வரை பானெட்டைத் திறப்பதே இல்லை. அந்த எண் பெரும்பாலும் தார்ச்சாலையில் சீராக ஓடும் காரை மனத்தில் வைத்து எழுதப்படுவது. நம் கார்களோ காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட 2 கிலோமீட்டர், மாலையில் கோயிலுக்கு 3 கிலோமீட்டர், இடையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரியின் பின்னால் செம்மண் புழுதியில் ஊர்ந்து செல்வது என்று ஓடுகின்றன. காருடன் வரும் கையேட்டைப் புரட்டிப் பார்த்தால், புழுதிச் சாலை, குறுந்தூரப் பயணம், கடும் வெப்பம், அதிகச் சுமை ஆகிய நிலைகளில் ஓடும் கார்களுக்கெனத் தனி அட்டவணை இருப்பதைப் பல கார்களில் காணலாம். தோட்டப்புறத்துக் காருக்கு உரியது அந்த அட்டவணைதான். அதோடு, ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும் போது கால்மணி நேரம் ஒதுக்கினால், ஸ்டிக்கர் சொல்லாதவற்றை நாமே கண்டுகொள்ளலாம்.

முதலில் எஞ்சின் எண்ணெய். காரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடியிருந்தால் அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, அளவுகோலை வெளியே இழுத்துத் துணியால் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெயின் விளிம்பு இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருந்தால் போதும். மேல்குறியைத் தாண்டி ஊற்றுவது நல்லதன்று. பெரும்பாலான சிறிய கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர் வித்தியாசம் இருப்பதால், குறைந்திருந்தால் கால் லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து பார்ப்பதே முறை. பட்டறையில் எஞ்சின் எண்ணெயையே ‘மினியாக் ஹித்தாம்’ (கறுப்பு எண்ணெய்) என்றுதான் சொல்கிறார்கள்; ஆனாலும் எண்ணெய் கறுத்திருப்பதே கேடு என்று பலர் நினைக்கிறார்கள். எஞ்சினின் கசடைத் தன்னில் ஏந்திக்கொள்வது எண்ணெயின் வேலையாதலால், சில நூறு கிலோமீட்டரிலேயே அது கறுக்கத்தான் செய்யும். கவலைப்பட வேண்டியது வேறொரு நிறத்தைக் கண்டால். அதைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன்.

எப்போது மாற்றுவது என்பதில் பட்டறைக்குப் பட்டறை கருத்து வேறுபடும். சாதாரண மினரல் எண்ணெய்க்கு 5,000 கிலோமீட்டரும் முழு சிந்தடிக் எண்ணெய்க்கு 10,000 கிலோமீட்டரும் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து கிலோமீட்டர் மட்டுமே ஓடும் கார் 10,000 கிலோமீட்டரைத் தொட ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிடும். குறுந்தூரம் ஓடும் எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதில்லை என்பதால், உள்ளே படியும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் எண்ணெயிலேயே தங்கி, அதன் வலுவைக் குறைத்துவிடுகின்றன. ஆகவே கிலோமீட்டர் நிறையாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். எண்ணெயின் தடிப்பைக் குறிக்கும் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற எண்களில் எது நம் காருக்கு உரியது என்பது கையேட்டில் இருக்கிறது. விலை கூடிய எண்ணெய் என்பதற்காகப் பொருந்தாத எண் கொண்டதை ஊற்றுவதால் பயனில்லை.

குளிர்விப்பு நீரைப் பற்றி நான் சொல்வது பட்டுத் தெரிந்துகொண்டது. என் முதல் கார் பழைய பெரோடுவா கஞ்சில். ரேடியேட்டரில் மெல்லிய கசிவு இருந்தது. பழக்கமான பட்டறையொன்றில், நம் நாட்டில் பனியா கொட்டுகிறது, குழாய்த் தண்ணீரே போதும் என்று சொல்லிவிட்டார்கள். நானும் ஒன்றரை லிட்டர் மினரல் வாட்டர் போத்தலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துப் பின்னிருக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் ஊற்றியபடியே ஓட்டினேன். ஒரு நாள் மேட்டில் ஏறும்போது வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வீடு பக்கம்தானே என்று நிறுத்தாமல் ஓட்டி வந்துவிட்டேன். மறுநாள் காலையில் அளவுகோலை இழுத்துப் பார்த்தபோது, அதன் நுனியில் எண்ணெய்க்குப் பதிலாகத் தே தாரிக் நிறத்தில் நுரை ஒட்டியிருந்தது. சூட்டில், எஞ்சினின் மேல்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய், நீரும் எண்ணெயும் ஒன்றாகக் கலந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். ரேடியேட்டரைக் கழற்றியபோது, குழல்களில் பாதி துருச் சேற்றால் அடைபட்டிருந்தன. அந்தக் கோப்பித் தூள் போன்ற துரு இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

குளிர்விப்பு நீர் என்று விற்கப்படும் திரவம் உறைபனியிலிருந்து காப்பதற்கு மட்டும் உரியதன்று. அது நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. உட்பகுதியில் துருப்பிடிக்காமல் காக்கிறது. முன்பே நீர் கலந்து தயாராக விற்பதை வாங்கினால், எவ்வளவு கலப்பது என்ற குழப்பமும் இல்லை. ஞாயிறு காலையில் பார்க்க வேண்டியது துணைத் தொட்டியில் திரவம் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையில் இருக்கிறதா என்பதை மட்டுமே. வாரந்தோறும் குறைந்துகொண்டே வந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. ஊற்றிச் சமாளிக்காமல் கசிவைத் தேட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி தளர்ந்த அக்கணமே பீறிட்டு முகத்தில் அடிக்கும். புதிய கார்கள் பலவற்றில் வெப்பமுள்ளே கிடையாது, குளிர்ந்திருந்தால் நீல விளக்கும் மிகச் சூடானால் சிவப்பு விளக்கும் எரியும். சிவப்பு விளக்கைக் கண்டால் வீடு எவ்வளவு அருகில் இருந்தாலும் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

காற்று வடிகட்டியைப் பொறுத்தவரை தோட்டப்புறத்தார் பொதுக் கணக்கைப் பின்பற்றவே இயலாது. அதன் பெட்டியைப் பெரும்பாலான கார்களில் கையாலேயே திறக்கலாம். வடிகட்டியை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், மடிப்புகளின் வழியே ஒளி தெரிய வேண்டும். செம்மண் படிந்து செங்கல் போல் இருந்தால் மாற்ற வேண்டியதுதான். மறு நடவுக் காலத்தில், லாரிகள் ஓயாமல் ஓடும் சாலையோரத்தில் வீடு இருந்தால், 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது இதைப் பார்த்துவிடுவது நல்லது. ஏர்கான் காற்று மெலிந்து புழுங்கல் வாடை வீசினால், உடனே கேஸ் ஏற்றச் சொல்வதற்கு முன், முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சிறு பெட்டிக்குப் (கிளவ் பாக்ஸ்) பின்னால் இருக்கும் சிறிய வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். பல கார்களில் குற்றவாளி அதுதான்.

டயர்களுக்குச் சற்று அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், தூணில் ஒட்டியிருக்கும் தாளில் காற்றழுத்தம் எழுதப்பட்டிருக்கும். அங்கே பி.எஸ்.ஐ. கணக்கில் 32 என்று இருந்து, பெட்ரோல் நிலைய இயந்திரம் கிலோபாஸ்கலில் காட்டினால் 220 என்று வைத்தால் சரி. டயர் சூடேறியபின் அளந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும் என்பதால், வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தில் காலையிலேயே பார்க்க வேண்டும். தீபாவளிக்கு முழுக் குடும்பத்தையும் பலகாரப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் செல்வதாக இருந்தால், முழுச் சுமைக்கென அதே தாளில் கொடுத்துள்ள எண்ணைப் பயன்படுத்த வேண்டும். டயரின் பள்ளங்கள் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மாற்றியாக வேண்டும். பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சிறு மேடுகள் டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்கள் தயாரிப்புத் தேதியைச் சொல்லும். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பள்ளம் நன்றாக இருக்கிறதே என்று பத்து ஆண்டுப் பழைய டயரில் நெடுஞ்சாலையில் ஏறுவது துணிச்சல் ஆகாது.

நகரத்தார் அறியாத ஒன்று செம்பனை மட்டையின் முள். வெட்டிப் போட்ட மட்டையின் அடிப்பகுதியில் இருபுறமும் இருக்கும் முட்கள், டயருக்குள் ஏறி முறிந்து, வெளியே கரும்புள்ளியாக மட்டும் தெரியும்; காற்று மூன்று நான்கு நாள்களில்தான் இறங்கும். ஒரே டயர் வாரந்தோறும் இறங்கினால், சவர்க்கார நீரைத் தெளித்து எங்கே குமிழி எழுகிறது என்று பாருங்கள். மாற்று டயரிலும் காற்று இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். தோட்டச் சாலையில் டயர் மாற்ற நேர்ந்தால், ஜாக்கியை நேரே மண்ணில் வைத்தால் அது புதைந்து சாய்ந்துவிடும்; கையகலப் பலகைத் துண்டு ஒன்றை எப்போதும் பின்பெட்டியில் வைத்திருங்கள். கைபிரேக்கை இழுத்து, டயர் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, பிறகு தூக்க வேண்டும். மாட்டும்போது எதிரெதிராக இறுக்க வேண்டும்.

எலித்தொல்லை தோட்டத்துக்கு அடுத்துள்ள வீடுகளின் தனிப்பட்ட வரம். செம்பனைக் கன்றுக்கும் பழத்துக்கும் வரும் எலியைப் பிடிக்கத் தோட்டத்தில் ஆந்தைக்குக் கூடு வைக்கிறார்கள். நம் வீட்டு முன்றிலில் நிற்கும் காருக்கு ஆந்தை காவல் வருவதில்லை. பானெட்டைத் திறக்கும்போது புழுக்கை, காய்ந்த இலை, கடித்த வயர் ஆகியவை தென்படுகின்றனவா என்று பாருங்கள். காருக்குள் முறுக்கு, பிஸ்கட் துணுக்குகளையும், அருகில் நாய்க்கு வைத்த சோற்றையும் விட்டுவைக்காமல் இருப்பதும், காரை ஓட்டாமல் வாரக்கணக்கில் நிறுத்தாமல் இருப்பதும் மருந்துருண்டையைவிடப் பயன் தரும்.

பேட்டரி நம் வெப்பத்தில் இரண்டு, மூன்று ஆண்டுகளே தாங்கும். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், எதிர்முனையை (–) முதலில் கழற்றி, சோடா உப்புக் கலந்த வெந்நீரால் தேய்த்துக் கழுவி, உலர்ந்தபின் நேர்முனையை (+) முதலில் மாட்டலாம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நம் ஈரக்காற்றில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். வைப்பர் ரப்பர் வெயிலில் இறுகிக் கோடு போடத் தொடங்கினால், அக்டோபர், நவம்பர் மழைக்குமுன் மாற்றிவிடுங்கள்.

காரைக் கழுவுவதென்றால் ஆயுத பூசையன்று மேல்பகுதியைப் பளபளப்பாக்கிச் சந்தனம் குங்குமம் வைப்பதோடு நாம் நிறைவடைந்துவிடுகிறோம். துரு தொடங்குவது அடிப்பகுதியில். சக்கர வளைவுகளின் உள்மடிப்பில் ஒட்டிய செம்மண் சேறு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். குழாயின் நுனியை விரலால் அழுத்தி அங்கே பீய்ச்சினால், வாளி நிறையச் சிவந்த நீர் வடியும். உர மூட்டையைப் பின்பெட்டியில் ஏற்றியிருந்தால், சிந்திய உப்பைக் கூட்டி ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பொட்டாசு உரம் தகட்டைத் தின்னும்.

நாமே செய்ய முடியாத வேலைகளில் முக்கியமானது, எஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடச் செய்யும் டைமிங் பெல்ட்டை மாற்றுவது. பெரோடுவா மைவியில் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருப்பதால் இந்தக் கவலை இல்லை. கேம்புரோ எஞ்சின் பொருத்திய புரோட்டான் சாகாவில் பெல்ட் இருக்கிறது, அது அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும். பழைய கார் வாங்குபவர்கள், பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது கேட்க வேண்டும். இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். எந்த உதிரிப்பாகம் மாற்றினாலும், பழையதைப் புதியது வந்த பெட்டியிலேயே போட்டுத் தரும்படி போமனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நேர்மையானவர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்.

கடைசியாக வெள்ளம். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூர் பட்ட பாடு நமக்கு நினைவிருக்கிறது. இருக்கை அளவுக்கு நீர் ஏறிய காரை, நீர் வடிந்தபின் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகக்கூட ஸ்டார்ட் செய்யக் கூடாது; சிலிண்டருக்குள் புகுந்த நீரை எஞ்சினால் அழுத்த முடியாது என்பதால் உள்ளிருக்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றி, நான்கு பக்கமும் படம் எடுத்துவிட்டு, இழுவை லாரிக்குக் காத்திருக்க வேண்டும். முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும் வெள்ளச் சேதம் பெரும்பாலும் அதில் இயல்பாக அடங்குவதில்லை. கூடுதல் கட்டணம் செலுத்தித் தனியாகச் சேர்க்க வேண்டும். அடுத்த முறை காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது, அந்த வரி தாளில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.