ஓ.பி.ஜி. படத்தில் தாடைக் கட்டிகளையும் சுண்ணாம்புப் படிவுகளையும் இனங்காண்பது எப்படி?

இரு தாடைகளையும் ஒருசேரக் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே கைக்கு வந்ததும், நோயாளி வலிப்பதாகச் சொன்ன பல்லின் மீதே பல் மருத்துவ மாணவரின் கண் போய் நிற்கும்; அந்தப் பல்லைக் கடைசியாகப் பார்க்கப் பழகுங்கள்.

முதலில் வலப்பக்கத் தாடை மூட்டில் தொடங்கி, கீழ்த்தாடையின் அடிவிளிம்பு வழியாக இடப்பக்க மூட்டு வரை சென்று, இருபுறங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, கருமையாகத் தெரியும் பகுதி கீழ்த்தாடை நரம்புக் கால்வாய்க்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று கவனியுங்கள். மேலே இருந்தால் அது பல் சார்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கால்வாய்க்குக் கீழே, தாடைக் கோணத்தருகே தெளிவான விளிம்புடன் காணப்படும் ஸ்டாஃப்னே குழி வெறும் எலும்புப் பள்ளமே. அதற்குச் சிகிச்சை தேவையில்லை.

பிறகு விளிம்பைப் பாருங்கள். மெல்லிய வெண்கோடு சூழ்ந்திருந்தால் மெதுவாக வளர்வது என்றும், அரித்ததுபோல் சிதைந்திருந்தால் தொற்றோ புற்றோ இருக்கலாம் என்றும் கருத வேண்டும். முளைக்காத ஞானப்பல்லின் கழுத்தைப் பற்றிக்கொண்டு அதன் தலைப்பகுதியைச் சூழ்ந்திருப்பது பெரும்பாலும் டென்டிஜீரஸ் நீர்க்கட்டி. பின்தாடையில் சோப்பு நுரைபோல் பல அறைகளாகப் பரவி, அருகிலுள்ள பல்வேர்களையும் கரைத்திருந்தால் அமெலோபிளாஸ்டோமா என்னும் பல் சார்ந்த தாடைக் கட்டியை ஐயுற வேண்டும். எனினும் திசுப் பரிசோதனையே இறுதி முடிவைச் சொல்லும்.

கீழ் முன்கடைவாய்ப் பற்களின் வேர்நுனியருகே தெரியும் மென்டல் துளையை (நரம்பு வெளிவரும் இயல்பான துளை) சீழ்க்கட்டி என்று எண்ணி ஏமாறாதவர் குறைவு. வேரைச் சுற்றியுள்ள லாமினா டூரா என்னும் மெல்லிய வெண்கோடு முறியாமலும் பல் உயிருடனும் இருந்தால், வேர் சிகிச்சையைத் தொடங்கிவிடாதீர்கள்.

வெண்மையாகத் தெரிபவற்றில்தான் குழப்பம் மிகுதி, ஏனெனில் எலும்புக்கு வெளியே இருப்பவையும் அதன்மேல் நிழலாக விழுகின்றன. கழற்ற மறந்த தோடுகூட எதிர்ப்பக்கத்தில், சற்று உயரத்தில், பெரிதாகி மங்கிய நிழலாகத் தெரியும். தாடையின் மேலேறும் பகுதியில் சிறு புள்ளிகள் கூட்டமாக இருந்தால் அவை டான்சில் கற்களாகலாம். கீழ்த்தாடையின் அடியிலோ அதன் உடற்பகுதியின் மேலோ விழும் ஒற்றைக் கல் உமிழ்நீர்க் கல்லாகலாம். நாளத்தில் இருக்கும் கல்லை வாயின் அடித்தளத்துக்கான அக்லூசல் படத்தில் (பற்களிடையே கடித்துப்பிடித்து எடுக்கும் எக்ஸ்ரே) தெளிவாகக் காணலாம்.

தாடைக் கோணத்துக்குக் கீழும் பின்னும், 3, 4ஆம் கழுத்தெலும்புகளின் மட்டத்தில் செங்குத்தான வெண்கோடுகளோ முடிச்சுகளோ தெரிந்தால், அது கழுத்துத் தமனியில் படிந்த சுண்ணாம்பாக இருக்கக்கூடும். குரல்வளைக் குருத்தெலும்பும் அவ்வாறே தோன்றும் என்பதால் ஓ.பி.ஜி.யை மட்டும் வைத்து முடிவு சொல்லாமல், பக்கவாத அபாயத்தைக் கருதி, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பரிசோதனை குறித்து முடிவெடுக்கப் பொது மருத்துவரிடம் கடிதத்துடன் அனுப்புங்கள்.